பியூரிட்டன்களை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

கல்லூரி ஆசிரியை, பாளையங்கோட்டை

முதுகலை ஆங்கிலத்தில் அமெரிக்க இலக்கியத் தாளை நடத்துகிறேன். பியூரிட்டன் காலம் (17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து போய் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் காலம்) என்றாலே பிள்ளைகள் கைடு புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்துவிடுவார்கள்: கறுப்பு உடை, கடுமையான மதம், சிரிப்பே கிடையாது, சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கில் போட்டார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த மனிதர்கள் எழுதி வைத்ததைப் படித்தால் வேறொரு ஆள் எதிரே வந்து நிற்கிறார். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆன் பிராட்ஸ்ட்ரீட் 1630இல் ஆர்பெல்லா கப்பலில் மசாசூசெட்ஸ் வந்து இறங்கியபோது அவருக்கு 18 வயது இருக்கும். எட்டுப் பிள்ளைகள் பெற்றார். வீட்டு வேலைகளுக்கு நடுவே கவிதை எழுதினார். அவருக்குத் தெரியாமலே தங்கையின் கணவர் அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோய் 1650இல் அச்சிட்டுவிட்டார். 1666 ஜூலை 10ஆம் தேதி இரவு ஆண்டோவரில் இருந்த வீடு தீப்பிடித்து எரிந்து போனது. அதைப் பற்றிய கவிதையை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். கொடுத்தவனே எடுத்துக்கொண்டான், எல்லாம் அவனுடையது, எனக்கு என்ன உரிமை என்று ஒரு நல்ல பியூரிட்டனாகச் சொல்லிவிடுகிறார். கவிதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இடிபாட்டைக் கடந்து போகும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது. இங்கேதான் அந்த டிரங்குப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை, இனி உன் கூரைக்குக் கீழே விருந்தாளி உட்கார மாட்டார், உன் மேசையில் ஒரு வாய் சாப்பிட மாட்டார், உனக்குள் மெழுகுவர்த்தி எரியாது என்று வீட்டிடமே பேசுகிறார். அப்புறம் சட்டென்று சுதாரித்து, எல்லாம் மாயை என்று தன்னைத் தானே அதட்டிக்கொள்கிறார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இவங்க கடவுளுக்குச் சமாதானம் சொல்றாங்களா, தனக்கே சொல்லிக்கிறாங்களா?"

அந்தக் கேள்விக்காக அவருடைய இன்னொரு கவிதையையும் அன்றே படித்துக்காட்டினேன். 1669இல், பிறந்து ஒரு மாதமும் ஒரு நாளுமே ஆன பேரன் இறந்தபோது எழுதியது. அவன் சித்தம் அது, ஏன் என்று வாதாட வேண்டாம், வாயை மண்ணில் வைத்துக்கொண்டு அவன் இரக்கமுள்ளவன் என்றே சொல்வோம் என்கிறார். 'சொல்வோம்' என்கிறாரே தவிர அப்படி இருப்பதாக எங்கும் சொல்லவில்லை. ஒரு பாட்டி அதற்கு மேல் எப்படிக் கடவுளோடு சண்டை போட முடியும்? வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். படித்ததோ பார்த்ததோ, எதுவானாலும் சரி.

பாஸ்டன் பக்கம் வேலை பார்ப்பவர்

மேடம், நான் இலக்கியம் படித்தவன் இல்லை, மென்பொருள்காரன். 1692இல் சூனிய வழக்குகள் நடந்த மசாசூசெட்ஸின் சேலம் நகரம் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடுகிற தூரம். அக்டோபரில் போனால் தெருவெல்லாம் கூம்புத் தொப்பி வைத்த கூட்டம், சூனியக்காரி பொம்மை விற்கும் கடைகள். எனக்கு அது பிடிக்கவில்லை. செத்தவர்கள் யாரும் சூனியக்காரிகள் இல்லையே.

சார்ட்டர் தெருவில் பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1992இல் ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். தாழ்வான கருங்கல் சுவர், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இருபது கல் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கொல்லப்பட்ட விதம், தேதி. 19 பேர் தூக்கில். வாய் திறந்து வழக்கை ஏற்க மறுத்த ஜைல்ஸ் கோரி மட்டும் கற்களை ஏற்றி நசுக்கப்பட்டார். வாசல் தரைக்கல்லில் 'நான் குற்றமற்றவள்' என்று அவர்கள் மன்றாடிய வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிகள் பாதியிலேயே சுவருக்கு அடியில் போய் மறைந்துவிடுகின்றன. குனிந்து படித்துக்கொண்டே போனால் வாக்கியம் முடிவதற்குள் சுவரில் இடிக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ரெபெக்கா நர்ஸின் இருக்கையில் யாரோ பூ வைத்திருந்தார்கள். 71 வயது, காது சரியாகக் கேட்காது. ஜூரி முதலில் குற்றமில்லை என்றுதான் சொன்னது. குற்றம் சாட்டிய பெண்கள் நீதிமன்றத்திலேயே அலறினார்கள். தலைமை நீதிபதி, ரெபெக்கா சொன்ன ஒரு சொல்லை மறுபடி யோசியுங்கள் என்றார். அதற்கு விளக்கம் கேட்டபோது அந்த அம்மாவுக்குக் காதில் விழவில்லை, பதில் வரவில்லை. அந்த மௌனத்தையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். 1692 ஜூலை 19 அன்று தூக்கு.

ஊருக்குத் திரும்பி வந்து நீதிபதிகளைப் பற்றிப் படித்தேன். அவர்களில் ஒருவர் சாமுவேல் சீவல். அவர் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. 1696 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகள் சாரா இறந்தாள். மறுநாள் வீட்டில் வேதம் வாசிக்கும்போது மகன் முறை வந்தது. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதன் பொருள் தெரிந்திருந்தால் குற்றமற்றவர்களை ஆக்கினைக்குட்படுத்த மாட்டீர்களே என்ற மத்தேயுவின் வசனத்தை அவன் வாசித்தான். சேலம் துயரம் நினைவுக்கு வந்து நெஞ்சு நடுங்கியது என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார். 1697 ஜனவரி 14ஆம் தேதி ஆலயத்தில் போதகரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, சபை முழுக்கப் பார்க்க எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் என்னுடையது என்று அந்தச் சீட்டு வாசிக்கப்பட்டு முடியும்வரை நின்றார். அந்த நீதிபதிகளில் இப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான். 1700இல் அடிமை வாணிகத்தை எதிர்த்தும் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார்.

அவரை மன்னிப்பதா வேண்டாமா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பதவியில் இருந்த ஒருவர் ஊர் முன்னால் எழுந்து நின்றதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர், நாகர்கோவில்

மேலே சகோதரர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த வழக்குகளில் 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்ட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிட்டார்கள். மறுத்தவர்கள்தான் செத்தார்கள். பொய் சொன்னால் ஆத்துமா போய்விடும் என்று நம்பியவர்கள் அவர்கள். அதனால்தான் பொய் சொல்லி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அவர்களைக் கொன்றதும் அதே நம்பிக்கையில் வளர்ந்த ஊர்தான்.

என் அனுபவம் சின்னது. பதினேழு வயதில் கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எனக்குள் அப்படிப் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. முன்னால் சொன்னவர்களைப் பார்த்து அதே மாதிரி நானும் சொன்னேன். பிற்பாடு இறையியல் படிக்கும்போது, மசாசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் சபையின் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் 1630களிலும் 40களிலும் எழுதி வைத்த குறிப்பேட்டைப் பற்றிப் படித்தேன். சபையில் சேர வேண்டுமானால் தன் மனமாற்றத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மசாசூசெட்ஸில் 1631 முதல் ஓட்டுரிமையும் சபை உறுப்பினரான ஆண்களுக்குத்தான். வேலைக்காரப் பெண்கள் சொன்னதைக்கூட ஷெப்பர்ட் அக்கறையாகக் குறித்திருக்கிறார். அவர்களில் பலருக்கு நிச்சயமே இல்லை. கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தும் மனசு கல்லாகவே இருக்கிறது என்கிறார்கள். சந்தேகத்தோடு வந்தவரையும் சபை சேர்த்துக்கொண்டது. பார்க்கப்போனால், சந்தேகமே இல்லாதவர்மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம். அதைப் படித்த அன்று மேடையில் நடுங்கிய அந்தப் பையன்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

வழக்கறிஞர், சென்னை

நான் அவர்களைச் சந்தித்தது உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில். அங்கே கூர்நுனிக் கோபுரம்போல ஒரு கல்லறை நிற்கிறது. மாணவனாக இருந்தபோது அதன் நிழலில் உட்கார்ந்து படித்தோமே தவிர யாருடையது என்று கேட்டதில்லை. நான்கு வயதுவாக்கில் 1688இல் இறந்த டேவிட் யேல் என்ற குழந்தையும், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியும் அங்கே அடக்கம். குழந்தையின் அப்பா எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். பிறந்தது பாஸ்டனில், 1649இல்.

அந்தக் குடும்பத்தின் கதை எனக்கு ஒரு வழக்குக் கட்டு படிப்பதுபோல இருந்தது. எலிஹுவின் பாட்டி ஆன், அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற பியூரிட்டன் குடியேற்றத்தின் ஆளுநர் தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்திருந்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்று ஒரு புத்தகத்தில் படித்து நம்பி, ஆராதனையின் நடுவே எழுந்து போக ஆரம்பித்தார். சபை விசாரித்தது. விசாரணையில் வீட்டுச் சண்டையெல்லாம் வெளியே வந்தது, மாமியாரைக் கன்னத்தில் அறைந்தது உட்பட. ஆளுநரின் மனைவி என்று பார்க்கவில்லை, 1645இல் சபையைவிட்டு நீக்கிவிட்டார்கள். மறு வருடம் எலிஹுவின் அப்பா, சபை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று மசாசூசெட்ஸ் அரசுக்கு மனுக் கொடுத்தவர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டு அபராதம் கட்டினார். கடைசியில் குடும்பம் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டது.

அந்த வீட்டுப் பையன்தான் சென்னையில் பணம் சேர்த்தார். அவர் ஆட்சிக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள், அதை மறைக்கக் கூடாது. 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஓர் அரச ஓவியம் ஆகியவற்றுக்காக, பியூரிட்டன் போதகர்கள் தொடங்கிய ஒரு சிறு கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. பாட்டியை விலக்கி வைத்த அதே நியூ ஹேவனில்!

யாழ்ப்பாணத்தவர், இப்போது டொரொன்டோவில்

டீச்சர், நான் எழுதலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் அம்மம்மா உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர். அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமையில் ஊசி நூல் தொட மாட்டார், கடைக்குக் காசு கொடுக்க மாட்டார். நியூ இங்கிலாந்துக் காங்கிரகேஷனல் சபைகள் அனுப்பிய மிஷன் அது, பியூரிட்டன்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் முதல் ஆட்கள் 1812இல் அபிஷேகம் பெற்றது சேலம் நகரத்தில். அங்கே தூக்குகள் நடந்த காலத்திலிருந்து இருபது, முப்பது தலைமுறை அல்ல, நாலைந்து தலைமுறைதான்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாங்களும் சாவகச்சேரி பக்கம் நடந்தோம், மழையில். இங்கே வந்து கல்லூரியில் படித்தபோது மேரி ரோலண்ட்சன் எழுதியதை வாசிக்கச் சொன்னார்கள். போதகரின் மனைவி. ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த போரில், 1676 பெப்ரவரியில் மசாசூசெட்ஸின் லங்காஸ்டர் ஊரைத் தாக்கிய பூர்வகுடிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குண்டு பட்ட ஆறு வயது மகள் சாரா மடியிலேயே ஒன்பது நாளில் இறந்தாள். பதினொரு கிழமை (வாரம்) அலைந்து, 20 பவுண் கொடுத்து மீட்கப்பட்டார். 1682இல் அச்சான புத்தகம்.

முதல் கிழமை அவர்கள் சாப்பாட்டைத் தொட முடியவில்லை, மூன்றாம் கிழமை அதுவே ருசித்தது என்கிறார். ஓரிடத்தில், பிடிபட்ட ஓர் ஆங்கிலேயப் பிள்ளையின் கையில் அவித்த குதிரைக் கால் துண்டு. கடிக்க முடியாமல் பிள்ளை சூப்பிக்கொண்டிருக்கிறது. இவர் அதைப் பறித்துத் தானே சாப்பிட்டுவிட்டார். ருசியாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். வகுப்பில் மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அது விளங்கியது. பசி என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தை வேறு மாதிரித்தான் வாசிப்பார்கள். திரும்பி வந்த பிறகு, எல்லோரும் நித்திரையாக இருக்கும்போது தனக்கு மட்டும் நித்திரை வருவதில்லை என்கிறார். என் அம்மாவும் அப்படித்தான்.

ஆனால் அவர் பக்கம் மட்டும் நிற்க எனக்கு முடியவில்லை. அதே போரில், கிறிஸ்தவர்களாகிப் பியூரிட்டன்களை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளை 1675 ஒக்டோபரில் பாஸ்டன் துறைமுகத்தில் இருக்கும் மான் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பட்டினியிலும் கனபேர் செத்தார்கள். அவர்களில் யாரும் ஒரு ரோலண்ட்சன்போல எழுதி அச்சாகவில்லை. ஜேம்ஸ் பிரின்டர் என்று நிப்மக் பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு மனிதர் இருந்தார். மசாசூசெட் என்ற பூர்வகுடி மொழியில் 1663இல் வந்த பைபிளை அச்சிட உழைத்தவர். போரில் தன் சனத்தோடு இருந்தார், பிறகு மன்னிப்புப் பெற்று அச்சகத்துக்கே திரும்பினார். ரோலண்ட்சனின் புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தது அவராகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தன் சனத்தை நரகத்து வேட்டைநாய்கள் என்கிற வரிகளை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கிய அந்த விரல்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

கல்லூரி ஆசிரியை, பாளையங்கோட்டை

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. மான் தீவைப் பற்றி எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரி கிடையாது. வரும் பருவத்தில் ரோலண்ட்சனை நடத்தும்போது ஜேம்ஸ் பிரின்டரையும் சேர்த்தே நடத்தப் போகிறேன். பிராட்ஸ்ட்ரீட்டைக் கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது ஆய்வு மாணவி. அவளுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

தரங்கம்பாடிக்காரர்

எங்கள் ஊரும் இதில் வருகிறது. சேலம் வழக்குகளை நியாயப்படுத்தி எழுதிய காட்டன் மேதர், 1692இல் ஒரு தூக்கின்போது குதிரைமேல் இருந்தபடி கூட்டத்தைச் சமாதானப்படுத்தியவர். அதே மேதர் 1717 கடைசியில் எங்கள் ஊர் மிஷனரி சீகன்பால்குவுக்கு பாஸ்டனிலிருந்து கடிதம் எழுதினார். 1719இல் சீகன்பால்கு இறந்துவிட, பதில் எழுதியவர் உடன் ஊழியர் கிரண்ட்லர். மேதர் இந்தக் கடிதங்களைச் சேர்த்து 1721இல் பாஸ்டனில் நூலாக அச்சிட்டபோது கிரண்ட்லரும் உயிரோடு இல்லை. இருவரும் எங்கள் புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லறைகளைப் பார்க்கிறேன். அந்தக் கடிதப் போக்குவரத்து தெரிந்த பிறகுதான் அமெரிக்க வரலாற்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அதே 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, தன்னிடம் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர் சொன்ன முறையை நம்பி, அம்மைப்பால் குத்த வேண்டும் என்று ஊரையே எதிர்த்து வாதாடியவரும் இந்த மேதர்தான். அதற்காக அவர் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள்.

பாஸ்டன் நண்பரே, காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் மேதர் குடும்பத்தின் கல்லறை இருக்கிறதாம். அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நான் இங்கே ஆலயத்தில் எடுத்துப் போடுகிறேன்.