அணையை ஆளும் இயந்திரத்துக்கு என்ன பேர் வைக்கலாம்?

கருங்கல் வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் நூலக ஆண்டுவிழாவுக்கு முக்கால் மணி நேர நாடகம் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். அறிவியல் புனைகதை. 2140-இல் நடக்குது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி ரெண்டு அணையையும் ஒரே கணினிதான் பாத்துக்குது. எந்தச் சானல்ல எத்தனை நாள் தண்ணி விடணும், எந்த ஷட்டரை எப்ப இறக்கணும், எல்லாம் அதுக்க முடிவு. கடைவரம்பு வயலுக்குத் தண்ணி விட்டா வழியிலயே பாதி வீணாகுதுன்னு கணக்குப் போட்டு, ஒவ்வொரு மடையா அடைச்சுட்டே வருது. அதுதான் வில்லன்.

கதை வந்துட்டு, பேருதான் வரல. ‘காலாந்தகன்’, ‘மிருத்யு’, ‘ஸைக்ரான்’ மூணையும் எழுதி வச்சிருக்கேன். நடிக்கிற பசங்களுக்கு ‘ஸைக்ரான்’ பிடிச்சிருக்கு. எனக்கு மூணுமே ஒட்டல. பெரிய ஆட்கள் எல்லாம் வில்லனுக்கு எப்படிப் பேர் பிடிச்சாங்க? ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடர்னா ‘அப்பா’ன்னு அர்த்தம்னு சொல்றாங்களே, அது நெசமா?

குளச்சல் அலை:

நெசம்தான் மக்கா. டச்சு மொழியில அப்பாவுக்கு அதுதான் சொல்லு. மார்வெல் வில்லன் தானோஸ் கூட கிரேக்கத்துல மரணதேவன் தானடோஸ் பேர்ல இருந்து வந்ததுதான். அதனால ‘மிருத்யு’ நல்ல பேரு. பேரைக் கேட்டதும் ஆளு யாருன்னு சபைக்குத் தெரிஞ்சிரணும்.

தக்கலை டீச்சர்:

தம்பி, நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவ. அறிவியல் புனைகதை எனக்குப் பத்தாம் வகுப்பிலயே ஒட்டிக்கிட்ட பழக்கம். நீங்க கேட்ட கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

வேடரை முதல்ல எடுத்துக்குவோம். டச்சுச் சொல் இருக்கிறது உண்மை. ‘இருண்ட தந்தை’ங்கிறதை மாத்தித்தான் அந்தப் பேரை வச்சேன்னு படத்தை உருவாக்கின ஜார்ஜ் லூகாஸ் பிற்பாடு பேட்டியில சொன்னதும் உண்மை. ஆனா 1974-இல் அவர் எழுதின வரைவில டார்த் வேடர் பேரரசோட படைத்தளபதி, அவ்வளவுதான். யாருக்கும் அப்பா இல்ல. 1977-இல் முதல் படம் வந்தப்பவும் கதாநாயகன் லூக்கோட அப்பா வேற, வேடர் வேற. அப்பாவைக் கொன்னதே வேடர்தான்னு படத்தில சொல்றாங்க. அடுத்த படத்துக்கு லீ பிராக்கெட் 1978 தொடக்கத்தில எழுதின வரைவில அப்பாவோட ஆவி தனியா வந்து மகன்கிட்ட பேசுது. அதுக்கப்புறம்தான் லூகாஸ் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கினார். பேர் முதல்ல நின்னுச்சு, அர்த்தம் பின்னால வந்து ஏறிக்கிட்டது. நான் இதையெல்லாம் வாசிச்ச வரைக்கும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கு.

டாலெக்குகளைப் பாருங்க. ‘டாக்டர் ஹூ’ தொடரோட வில்லன் கூட்டம், 1963 டிசம்பர்ல பிரிட்டிஷ் தொலைக்காட்சியில வந்தாங்க. எழுதினவர் டெர்ரி நேஷன். ‘டால் முதல் லெக் வரை’ன்னு ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியோட முதுகுல எழுதியிருந்ததைப் பாத்து வச்சேன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிட்டிருந்தார். பிறகு, அது சும்மா சொன்னது, தட்டச்சு அடிக்கும்போது தானா விழுந்த பேருன்னு அவரே ஒத்துக்கிட்டார். 1975-இல் அவங்க பிறந்த கதையை எழுதும்போது, அவங்களை உருவாக்கின இனத்துக்குக் ‘காலெட்’னு பேர் வச்சார். அதே எழுத்தைக் கலைச்சுப் போட்டா டாலெக். பன்னிரண்டு வருஷம் கழிச்சுப் பேருக்கு ஒரு பிறப்புக் கதை கிடைச்சுது!

உங்களோடது இயந்திரம். அதனால உங்களுக்கு நெருங்கின ஆள் ஹால் 9000. 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ கதையில விண்கலத்தை ஓட்டுற கணினி. எச், ஏ, எல்லுக்கு அடுத்தடுத்த எழுத்தை எடுத்தா ஐ, பி, எம் வரும். கணினிக் கம்பெனியைக் குத்திக் காட்டத்தான் வச்சாங்கன்னு உலகமே சொல்லுச்சு. கதையை எழுதின ஆர்தர் கிளார்க் அதை மறுத்தார். அனுபவ அறிவால தேடுற முறை, படிப்படியான கணக்கு முறை ரெண்டுக்கும் ஆங்கிலத்தில இருக்கிற சொற்களோட முதலெழுத்துகளைச் சேர்த்த பேருன்னு சொன்னார். அந்த மறுப்பைக் கதைக்குள்ளேயே ஒரு ஆள் வாயில வச்சார் பாருங்க, அங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் இருக்கு. 1982-இல் வந்த தொடர்ச்சி நாவல்ல, ஹாலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டாக்டர் சந்திராதான் அப்படி மறுக்கிறார். அவரோட முழுப் பேர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கிளார்க் 1956-லேர்ந்து இலங்கையில இருந்தவர், அந்தப் பேர் அவர் காதுல விழுந்து பழகின பேராத்தான் இருக்கணும். எங்க வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டு, “டீச்சர், இது எங்க மாமாவுக்க பேரு மாதிரில்லா இருக்கு!”ன்னா. அதுவரை மேசையில தலை வச்சிருந்த கடைசி பெஞ்சு மொத்தமும் நிமிந்து உட்கார்ந்துச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணுதான். வில்லனுக்குப் பேர் யோசிக்கும்போது ‘இதுக்கு என்ன அர்த்தம்’னு கேக்காதீங்க. ‘கதைக்குள்ள இந்தப் பேரை வச்சது யாரு’ன்னு கேளுங்க. ஹாலைக் கட்டினவங்க அதை ஒரு கூட்டாளியா நெனச்சுக் கட்டினாங்க, அதனால நம்ம ஊர்ல ராஜு, பாபுன்னு கூப்பிடுற மாதிரி ஒரு சாதாரண ஆம்பளைப் பேரு. ஆரம்ப வரைவுகள்ல அதுக்கு ‘அதீனா’ன்னு பெண் பேரு இருந்துச்சு. அதுவும் அன்பா வச்ச பேருதான். எந்தப் பொறியாளரும் தான் கட்டின அணைக் கணினிக்கு ‘காலாந்தகன்’னு பேர் எழுதி மேலதிகாரிகிட்ட கையெழுத்து வாங்க மாட்டார்.

சுஜாதாவோட ஜீவாவை நினைச்சுப் பாருங்க. ‘என் இனிய இயந்திரா’, 1980-களில் தொடர்கதையா வந்தது. அந்த நாட்டில எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேருதான், அரசாங்கக் கட்டளை. நிலா, சிபி, ரவி. ஆட்சி பண்றவன் பேரு ஜீவா. கடைசியில பாத்தா அவனுக்கு உடம்பே கிடையாது, வெறும் ஹோலோகிராம். உயிர்னு பேர் வச்ச உயிரில்லாத பிம்பம். வாசிக்கும்போது ‘ஜீவா’ங்கிற பேரு யாரையும் பயமுறுத்தாது. நம்ம தெருவிலயே ரெண்டு ஜீவா இருப்பாங்க. அதுதான் அந்தப் பேரோட பலம்.

‘ஸைக்ரான்’ மாதிரிப் பேர்ல எனக்கு இன்னொரு வருத்தம் இருக்கு. வில்லன்னா வேத்தூர்ச் சத்தம் வேணும்ங்கிறது அறிவியல் புனைகதையிலேயே ரொம்பக் காலமா இருக்கிற பழக்கம். 1965-இல் வந்த டியூன் நாவல்ல வில்லன் குடும்பப் பேரு ஹார்க்கோனன். பிராங்க் ஹெர்பர்ட் அதைக் கலிபோர்னியாத் தொலைபேசிப் புத்தகத்தில பாத்து, காதுக்குச் சோவியத் பேரு மாதிரி இருக்குன்னு எடுத்தார். உள்ளபடிக்கு அது பின்லாந்துக் குடும்பப் பேரு, எருதுங்கிற சொல்லடியில வந்தது. பனிப்போர்க் காலம், அப்படி ஒலிச்சாலே போதும்னு இருந்திருக்கு. ஸ்டார் டிரெக்கில 1967-இல் வந்த கான் நூனியன் சிங்குக்கு முதல்ல ‘ஹரால்ட் எரிக்சன்’னு வடக்கு ஐரோப்பியப் பேருதான் வச்சிருந்தாங்க. தொடரை உருவாக்கின ராடன்பெரி தன்னோட யுத்தகால நண்பர் கிம் நூனியன் சிங்கோட பேரை அதுல சேர்த்தார், தொலைஞ்சு போன நண்பர் அதைப் பாத்துத் தன்னைத் தேடி வருவார்ங்கிற ஆசையில. அந்த ஆசை எனக்குப் புரியுது. ஆனா கானும் சிங்கும் ஒரே பேர்ல வந்து வில்லனா நிக்கிறதைப் பாக்கிற நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு அந்த நண்பரைப் பத்தித் தெரியாது. அது தன் பேரை மட்டும்தான் கேக்கும். உங்க வில்லன் இந்த மண்ணுல பிறந்தவன், வெளியூர்ச் சத்தத்துக்குப் பின்னால அவனை ஒளிச்சு வைக்காதீங்க.

தோவாளை மணி:

டீச்சர் சொல்றது புத்தகத்துக்குச் சரி. மேடை வேற. எங்க தாத்தா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவரு. கோயில் கொடைக்குக் கூடுற சனத்துக்கு முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஆளு தெரியணும். கள்ளியங்காட்டு நீலி கதையில, புலவர் “நீலீ…”ன்னு ஒரு இழுப்பு இழுத்தா முன்னால இருக்கிற பிள்ளைய எல்லாம் அம்மை மடியில ஏறிரும். அப்படிப் பேரு வேணும். எனக்க யோசனை ‘பேச்சி’. பேச்சிப்பாறையிலேயே இருக்கு.

தக்கலை டீச்சர்:

மணி அண்ணே, நீங்க சொன்ன நீலியே எனக்குச் சாட்சி! நீலின்னா கருநீல நிறத்துக்காரி, அவ்வளவுதான். அந்தப் பேருக்குள்ள பயம் எதுவும் இல்ல. கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த இழுப்புக்குப் பிள்ளைய நடுங்குது. இப்ப நாகர்கோவில் பஸ்ஸுல சண்டை போடுறவங்க கூட ‘நீலிக் கண்ணீர் வடிக்காதே’ன்னுதான் சொல்றாங்க, நீலி யாருன்னே தெரியாம. கதை அந்தப் பேரை அங்க வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கு.

குளச்சல் அலை சொன்ன தானோஸுக்கும் பதில் சொல்லணும். 1973-இல் ஜிம் ஸ்டார்லின் உருவாக்கினது. மனோதத்துவ வகுப்பில கேட்ட பிராய்டோட ‘சாவை நோக்கின உந்துதல்’ கருத்திலேர்ந்து எடுத்த பேரு. படக்கதையில ஒரே கட்டத்துக்குள்ள ஆளை நிறுத்தணும், அங்க அப்படிப் பேரு பலிக்கும். தம்பி கையில முக்கால் மணி நேரம் இருக்கு, அவசரப்பட வேண்டாம்.

‘பேச்சி’ மட்டும் வேண்டாம்ணே. பேச்சியம்மனுக்குப் படைக்கிற வீடுகள் நம்ம மாவட்டத்தில எத்தனை இருக்கு. மடையை அடைக்கிறவளா அவ பேரை மேடையில கூப்பிட எனக்கு மனசு வராது. முன்வரிசையில இருக்கிற பாட்டிமாருக்கும் வராது.

கருங்கல் வாசகன்:

டீச்சர், அப்ப நீங்களே ஒரு பேரு சொல்லுங்க. யாரு வச்சாங்கன்னு யோசிச்சா, அணைக்கட்டு அலுவலகம்தான் வச்சிருக்கும்.

தக்கலை டீச்சர்:

அலுவலகம்னா நீளமாத்தான் வைக்கும். ‘கோதையாறு ஒருங்கிணைந்த நீர்ப் பங்கீட்டு அமைப்பு’. கோப்பில அதுதான் இருக்கும். டெர்மினேட்டர் படத்து வில்லன் கணினி ஸ்கைநெட்டைப் பாருங்க. அந்தப் பேர்லயே பிரிட்டன் ராணுவம் 1969-இல் நிஜமா ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் விட்டுச்சு, படம் 1984-இல் தான் வந்துச்சு. அலுவலகம் வைக்கிற பேருல பயமே இருக்காது.

அந்த நீளப் பேரை யாரு கூப்பிடுவா? சானல்கரையில நிக்கிற விவசாயி சுருக்கிருவார். ‘கோதை’. 1906-இல் கட்டி முடிச்ச பேச்சிப்பாறை அணைக்குத் தண்ணி கொண்டு வர்ற ஆத்தோட பேரும் அதுதான். முதல் காட்சியில எல்லாரும் செல்லமாக் கூப்பிடட்டும்: “கோதை இன்னைக்கு அனந்தனாறு சானல்ல விட்டிருக்கா, நாத்து பறிச்சிரலாம்.” கடைசிக் காட்சியில அதே விவசாயி அதே பேரை வேற தொண்டையில சொல்லட்டும்.

கருங்கல் வாசகன்:

நல்லா இருக்கு டீச்சர். ஆனா கோதைன்னா ஆண்டாள். பேச்சிக்குச் சொன்ன தடை இதுக்கு வராதா?

தக்கலை டீச்சர்:

நியாயமான கேள்வி. ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படி வச்சிருக்கேன்னா, இங்க யாரும் ஆண்டாளை நெனச்சு வைக்கல, ஆத்துப் பேரைச் சுருக்கினாங்க. அது சபைக்குத் தெரியணும். அதனால முதல் காட்சியில ஒரு அதிகாரி முழுப் பேரையும் அறிவிப்புப் பலகையில எழுதுறதைக் காட்டுங்க. பக்கத்தில நிக்கிற கிழவர் அதை எழுத்துக் கூட்டி வாசிச்சு, முதல் சொல்லுல பாதியோட நிப்பாட்டிரட்டும். அதுக்கு மேல யாரும் விளக்கம் பேச வேண்டாம்.

அந்தக் கணினிக்குக் குரல் கொடுக்கிறது யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா? சின்னப் பிள்ளைக் குரல் வேண்டாம். மைக்கைப் பின்னால வச்சு, நடுவயசு அக்கா ஒருத்தரைப் பைய வாசிக்கச் சொல்லுங்க. ரேஷன் கடையில நம்பர் கூப்பிடுற மாதிரி, கோபமே இல்லாம.

தோவாளை மணி:

கோதை… கோதை… இழுத்துப் பாத்தேன். குடத்துக்கு நல்லா உக்காருது. தம்பி, ஒத்திகை எந்த நாளுன்னு சொல்லு, தாத்தாவுக்க குடத்தைக் கொண்டு வாரேன்.