கோவையிலிருந்து பெங்களூரு: குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா?

பீளமேடு ரகு:
பெங்களூரு பெல்லந்தூரில், அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டிய அலுவலகத்தில் வேலை உறுதியாகிவிட்டது. ஜூனில் சேர வேண்டும். கைக்கு வரும் சம்பளம் இங்கே 95,000, அங்கே 1,35,000. வாரத்தில் 3 நாள் அலுவலகம் போனால் போதும் என்கிறார்கள். பீளமேட்டில் சொந்த வீடு, வாடகைக்கு விட்டால் 15,000 வரும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 24,000. பையன் சிபிஎஸ்இ 8ஆம் வகுப்பு முடிக்கிறான், இரண்டாம் மொழி தமிழ். பெண் யூகேஜி முடிக்கிறாள், செப்டம்பரில்தான் 6 வயது நிறைகிறது. பெல்லந்தூர் பக்கம் 2 பிஹெச்கே வீட்டுக்கு 42,000 வாடகை, 4,500 பராமரிப்பு, அட்வான்ஸ் இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். 2021 மாடல் கார் இருக்கிறது, லோன் இன்னும் முடியவில்லை. எதை முதலில் பார்த்து முடிவெடுப்பது?

வரவுசெலவு:
முதலில் பணக் கணக்கைப் போட்டுவிடுவோம் ரகு, பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

குடும்பத்தோடு போனால் கூடுதலாக வருவது 40,000 சம்பளமும் 15,000 வாடகையும், ஆக 55,000. போவது 46,500 வீட்டுக்கும், நின்றுபோகும் மனைவி சம்பளம் 24,000-மும், ஆக 70,500. மாதம் 15,500 துண்டு விழுகிறது. பள்ளிக் கட்டண வித்தியாசம், வேன், சேர்க்கைக் கட்டணம் எதுவும் இதில் இல்லை. மனைவிக்கு அங்கே வேலை கிடைத்தால்தான் கணக்கு நேராகும். பள்ளிகள் ஆசிரியர்களை எடுப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள். ஜூனில் போய்த் தேடினால் ஒரு வருடம் கையைவிட்டுப் போக வாய்ப்பு அதிகம்.

தனியாகப் போனால்? சாப்பாட்டோடு தனி அறை பிஜி 18,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 6,000 என்று வைத்துக்கொண்டாலும் 40,000-இல் 16,000 மிஞ்சும். புதிய வரிமுறையில் இருந்தால் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கிடையாது, அதை லாபத்தில் சேர்க்காதீர்கள்.

ஆஃபர் லெட்டரில் இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். ஒன்று, இடமாற்றப் படி கொடுத்தால் எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்கள் என்பது. இன்னொன்று, "வாரம் 3 நாள்" எழுத்தில் இருக்கிறதா என்பது. வாய்வார்த்தையாக இருந்தால் ஐந்து நாள் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

வாரக்கடைசிப் பயணத்துக்கு வந்தே பாரத்தை நம்ப வேண்டாம். அது பெங்களூரு கன்டோன்மென்டிலிருந்து மதியமே கிளம்பிவிடுகிறது, வெள்ளிக்கிழமை வேலை முடித்து ஏற முடியாது. இரவு ரயில் அல்லது ஸ்லீப்பர் பஸ்தான். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது. பொங்கல், தீபாவளித் தேதிகளுக்கு 60ஆம் நாள் காலை 8 மணிக்கே உட்கார வேண்டும்.

சுமதி டீச்சர்:
பணத்தைவிடப் பையனின் வகுப்புதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கும், தம்பி.

சிபிஎஸ்இ-யில் 9ஆம் வகுப்பிலேயே மாணவர் பெயர், பாடங்களோடு வாரியத்தில் பதிவாகிவிடும். 9-இல் எடுத்த பாடங்களைத்தான் 10-இல் எழுத வேண்டும். 10-க்கு நேரடிச் சேர்க்கை வாரியத்தின் அனுமதி இல்லாமல் நடக்காது. அதனால் ஒன்று 9 தொடங்கும் இந்த ஜூனில் மாற்றுங்கள், இல்லையென்றால் பத்தாவது முடித்து 11-இல் மாற்றுங்கள். நடு வருடத்திலோ 9 முடித்தோ மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

மொழி அடுத்த முடிச்சு. பெங்களூரில் தமிழை இரண்டாம் மொழியாக வைத்திருக்கும் சிபிஎஸ்இ பள்ளிகள் மிகக் குறைவு. கன்னடம் அல்லது இந்தி என்பார்கள். எட்டு வருடம் தமிழ் படித்த பையன் 9-இல் புது மொழியைத் தொடங்கி அடுத்த ஆண்டே வாரியத் தேர்வில் எழுத வேண்டியிருக்கும். சேர்க்கைக்கு முன்பே எந்த மொழி, எந்தப் பாடக்குறியீடு, கன்னடம் கட்டாயப் பாடமாக வந்தால் வெளிமாநில மாணவருக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பள்ளியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். 9-இல் யாராவது விலகினால்தான் இடம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாப்பாவுக்கு வேறு சிக்கல். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருந்தால் போதும். கர்நாடக விதி ஜூன் 1 அன்று 6 வயது. 2025-26க்கு 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள், அந்த ஒரு ஆண்டுக்கென்று சொல்லித்தான். உங்கள் பெண்ணுக்கு ஜூனில் 5 வயது 9 மாதம்தான் ஆகியிருக்கும். இன்னொரு வருடம் யூகேஜியில் உட்கார வைக்கச் சொல்லலாம். கட்டணம் கட்டுவதற்கு முன் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

டிசி வாங்கும்போது மாநிலம் மாறுகிறது என்று சொல்லி, கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று இரண்டு பள்ளிகளிலும் கேளுங்கள். பெயர், பிறந்த தேதி ஆதாரோடும் பிறப்புச் சான்றோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் இருப்பதுதான் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வழக்கமாக வரும் தலைவலி.

ஓசூர்க்காரன்:
ஓசூரை யாரும் சொல்லலையே! தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால் பையனின் தமிழ், பாப்பாவின் வயசு, காரின் நம்பர் எதுவும் சிக்கலாகாது. வாடகையும் பெல்லந்தூரைவிட நன்றாகவே குறையும்.

தூரம்தான் விலை. மஞ்சள் வழித்தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் திறந்தாலும் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது, ஓசூர் வரை இல்லை. அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா வரை வண்டி, அங்கிருந்து மெட்ரோவில் சில்க் போர்டு, இறங்கி ரிங் ரோட்டில் 500டி பஸ் பிடித்து பெல்லந்தூர். மூன்று வண்டி, இரண்டு மாற்றம். ஒரு பக்கத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாரம் 3 நாள் என்றால் தாங்கலாம், 5 நாள் ஆனால் உடம்பு கேட்காது. அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓசூர் என்று சொல்லியிருப்பேன். பெல்லந்தூருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

லேஅவுட் கண்ணன்:
பெல்லந்தூரிலேயே வீடு பார்ப்பதானால் தண்ணீரை முதலில் பாருங்க. 2024 கோடையில் கிழக்குப் பகுதிகள் பட்ட பாடு தெரியும். அந்த அக்டோபரில் காவிரி 5ஆம் கட்டம் தொடங்கி நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வருகிறது என்றாலும், குழாய் தெருவுக்கு வந்ததும் அந்த அபார்ட்மென்ட் இணைப்பு வாங்கியதும் ஒன்றல்ல. "காவிரி வருது" என்று தரகர் சொன்னால் குடிநீர் வாரிய பில்லைக் காட்டச் சொல்லுங்க. மார்ச், ஏப்ரல், மே மாதப் பராமரிப்பு பில்லையும் கேளுங்க. டேங்கர் செலவு அதில்தான் ஏறியிருக்கும், 4,500 என்பது கோடையில் அப்படியே இருக்காது.

குளியலறையில் ஷவர் துளைகளையும் கீசரின் வெந்நீர்க் குழாய் மூட்டையும் பாருங்க. வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர்வெல் தண்ணீர், கடினம் அதிகம். கீசருக்குள் சூடேற்றும் கம்பிச்சுருள் மேல் அதே சுண்ணாம்பு படிந்துதான் அது சீக்கிரம் போகும், வாஷிங் மெஷினுக்கும் அதே கதி. சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகியவர்களுக்கு இது முதல் வாரமே உறைக்கும்.

ஒப்பந்தம் 11 மாதம் போடுவாங்க. அதில் லாக்-இன் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை மாதம், காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு அதிகபட்சம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரூபாயில் எழுத வையுங்க. "ஒரு மாத வாடகை" என்று விட்டால் 42,000 போயிடும். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்க, சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்க.

200 யூனிட் வரைக்குமான இலவச மின்சாரத் திட்டம் வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. ஆனால் முந்தைய குடியிருப்பாளரின் ஆதார் அந்த மீட்டரிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். சாவி வாங்கும் முன் உரிமையாளரிடம் கேட்டுடுங்க.

பீளமேடு ரகு:
எல்லோருக்கும் நன்றி. பையன் பத்தாவது முடிக்கும்வரை குடும்பம் இங்கேயே இருக்கட்டும், நான் மட்டும் பிஜியில் என்ற பக்கம் மனசு சாய்கிறது. இரண்டு வருடம் கழித்து எல்லோரும் போகும்போது காரை என்ன செய்வது? அங்கே கொண்டுபோய் வைத்தால் உடனே நம்பர் மாற்ற வேண்டுமா? வீட்டுச் சாமான்?

ஆர்டிஓ நண்பன்:
உடனே வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் சோதனையில் நிறுத்தினால் காட்ட, வாடகை ஒப்பந்தமும் வேலையில் சேர்ந்த கடிதமும் வண்டியில் இருக்கட்டும்.

மாற்றுவதென்றால் முதலில் கோவை ஆர்டிஓ-வில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, லோன் இருப்பதால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதம். பெரும்பாலும் தேங்குவது கட்டாமல் கிடக்கும் இ-சலானில்தான், முதலில் அதைப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள். பிறகு பெங்களூரு ஆர்டிஓ-வில் படிவம் 27, அங்கத்திய ஆயுள்வரி. கர்நாடகத்தில் இந்த வரி கடுமை. வண்டியின் வயது ஏற ஏறக் குறையும் என்றாலும், 2021 கார் என்றால் வரித்தொகையைக் கேட்டுவிட்டு, விற்று அங்கேயே ஒரு பழைய கேஏ வண்டி வாங்குவது லாபமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிய பிறகு தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள்வரியின் மீதிப் பங்கைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் புது ஆர்சி நகல் வேண்டும். காப்பீட்டிலும் ஃபாஸ்டேகிலும் புது எண்ணை ஏற்றுங்கள்.

இந்த இரண்டு வருடமும் கார் கோவையில் மனைவியின் உபயோகத்துக்கே இருக்கட்டும். பெல்லந்தூரில் பிஜி எடுத்தால் அலுவலகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் எடுங்கள்.

சாமான் ஏற்றும்போது ஒன்று: முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது பின்புறத்திலிருந்து கழற்றிக் கொடுத்த நீளமான டிரான்சிட் போல்ட்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அவற்றை மாட்டாமல் லாரியில் ஏற்றினால் டிரம் ஆடி ஆடி சஸ்பென்ஷன் கெட்டுவிடும். தொலைந்திருந்தால் அதே மாடலுக்கு சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கலாம். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சரும் டெபாசிட்டும் வாங்கிக்கொண்டு, அங்கே புது ஏஜென்சியில் வவுச்சரைக் காட்டி இணைப்பு எடுங்கள்.