பழைய 32 அங்குலத் தொலைக்காட்சி: திருத்துவதா, புதிதாக வாங்குவதா?

உப்புவெளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 2016 இல் வாங்கிய 32 அங்குல எல்ஈடி தொலைக்காட்சிப் பெட்டியையே இன்றுவரை பாவித்து வருகிறோம். அண்மைக்காலமாகத் திரையின் இடப்பக்கக் கீழ்மூலை மங்கிவிட்டது. படம் முழுவதிலும் ஒரு நீலச்சாயல் படர்ந்திருக்கிறது. சில வேளைகளில் படம் முற்றாக மறைந்து ஒலி மட்டும் வருகிறது. நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மீண்டும் தெரிகிறது. இவை போதாதென்று, பெட்டியோடு வந்த யூடியூப் செயலியும் இப்போது திறக்க மறுக்கிறது.

வீட்டில் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அம்மா சற்றலைட் இணைப்பில் சக்தி, வசந்தம் ஆகிய சனல்களில் செய்தியும் நாடகமும் பார்ப்பவர். இந்தப் பெட்டிக்கு என்ன குறை, திருத்திப் போட்டால் போதும் என்கிறார். மகனோ 55 அங்குல 4கே பெட்டிதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கிரிக்கெட்டும் யூடியூப்பும் அவனுடைய தேவைகள். பட்டணத்தில் விசாரித்த கடையொன்றில் கட்டுக்காசுக்குத் தருவதாகவும் சொல்கிறார்கள். எந்தக் கட்டத்தில் ஒரு பெட்டியைக் கைவிடுவது நியாயமாகும்? நாட்டில் டிஜிற்றல் ஒளிபரப்பு வரப்போவதாகச் சொல்கிறார்களே, அதுவரை காத்திருப்பது நல்லதா? விபரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பின்மூடி எழுதியது:

ஐயா, நான் பட்டணத்தில் தொலைக்காட்சி திருத்தும் வேலை செய்பவன். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் பின்னொளியையே காட்டுகின்றன. எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் வரிசையாகப் பொருத்தப்பட்ட எல்ஈடி பட்டிகளின் வெளிச்சத்தைத் தடுத்தும் விட்டும்தான் அது படத்தை உண்டாக்குகிறது. அந்த எல்ஈடிகள் உள்ளபடி நீல நிறத்தில் ஒளிர்பவை. அவற்றின் மேல் பூசப்பட்ட மஞ்சள் பொஸ்பர் படலமே நீலத்தை வெள்ளையாக மாற்றுகிறது. நெடுங்காலச் சூட்டில் அந்தப் படலம் நலிவடையும்போது நீலம் வெளியே தெரியத் தொடங்கும். பட்டியில் எல்ஈடிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் தொடர்பு விட்டுவிட்டு அறுந்தாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். உங்கள் பெட்டியில் ஒலி மட்டும் வருவது பெரும்பாலும் அதனால்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை படம் மறையும்போது அறையின் விளக்குகளை அணைத்து, கைவிளக்கைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். அந்த வெளிச்சத்தில் ஆட்கள் அசைவது மங்கலாகத் தெரிந்தால் பனல் (படத்தை உண்டாக்கும் கண்ணாடித் திரை) நலமாக இருக்கிறது, பின்னொளி மட்டுமே போயிருக்கிறது என்று கொள்ளலாம். பின்னொளிப் பட்டிகளை மாற்றுவது பெரிய செலவில்லை. பனல் உடைந்தாலோ, திரையில் மேலிருந்து கீழாக நிலையான கோடுகள் விழுந்தாலோதான் நான் வாடிக்கையாளரிடம் வேறு பெட்டி பாருங்கள் என்று சொல்வது. பனலின் விலை, வேலைக்கூலி எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய புதிய பெட்டியின் விலை வந்துவிடும்.

உங்கள் இடம் கடற்கரை என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கமிருந்து வரும் பெட்டிகளில் பின்மூடித் திருகாணிகளைச் சுற்றி முதலில் துருவளையம் தெரியும். மூடியைக் கழற்றினால் அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பிரதான மின்சுற்றுப் பலகையிலிருந்து பனலுக்குப் போகும் தட்டை வயரை அதன் சொக்கற்றிலிருந்து மெதுவாக இழுத்துப் பார்த்தால், மஞ்சளாக மின்ன வேண்டிய தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே பெட்டி இருந்தால் இது விரைவாக நடக்கும். தொடுமுனைகள் இன்னும் அரிக்கப்படாமல் இருந்தால் ஐசோபுறோப்பைல் அற்ககோலால் துடைத்தே சரிசெய்யலாம். அரித்துவிட்டிருந்தால் பட்டியை மாற்றினாலும் அடுத்த மாரிக்குள் வேறொரு கோளாறோடு திரும்பி வருவீர்கள். ஆகவே பின்னொளியை மாற்றும்படி சொல்வதற்கு முன்னர், மூடியைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள்.

வேலை கொடுக்கும்போது இரண்டு விடயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். கெட்ட பட்டியை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டிகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் பழையதும் வேறுவேறு பிரகாசத்தில் எரியும், மிஞ்சிய பழையவையும் ஒவ்வொன்றாகப் போகும். அடுத்து, பட்டிகளை எடுப்பதற்குப் பனலைத் தூக்கி வைத்தாக வேண்டும். அது மிக மெல்லிய கண்ணாடி. வேலையில் அது வெடித்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே கேளுங்கள்; இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். மொத்தச் செலவு அதே அளவுப் புதிய பெட்டியின் விலையில் மூன்றிலொன்றைத் தாண்டினால் திருத்த வேண்டாம் என்பது என் கணக்கு.

உவர்மலை எழுதியது:

திருத்துநர் சொன்னவற்றை அப்படியே ஏற்கிறேன். நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். பெட்டியின் வயதைவிட அதற்குள் என்ன வருகிறது என்பதையும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதையும் வைத்தே மாற்றுவதைத் தீர்மானிக்க வேண்டும்.

அம்மா பார்க்கும் சனல்கள் சாதாரணத் தரத்தில் வருபவையாயின், படத்தில் 576 வரிகளே உள்ளன. புள்ளிகளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு இலட்சம். 4கே திரையில் உள்ள புள்ளிகளோ எண்பத்து மூன்று இலட்சம் அளவில் இருக்கின்றன. அதாவது இருபது புள்ளிகளில் ஒன்றுக்கான தகவலே வந்து சேர்கிறது. மிகுதிப் பத்தொன்பதையும் பெட்டி ஊகித்து நிரப்புகிறது. மலிவான பெட்டிகள் இதை நன்றாகச் செய்வதில்லை. செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசினாற்போலத் தெரிவதும், கீழே ஓடும் எழுத்துகளின் ஓரம் கலங்குவதும் இதனால்தான்.

தூரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். குறையில்லாத கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையான நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். அதன்படி, 576 வரிப் படம் 32 அங்குலத் திரையில் சுமார் எட்டு அடிக்கு அப்பால் தெளிவாகவே தோன்றும். 43 அங்குலத்தில் அதற்குப் பத்தரை அடியும், 55 அங்குலத்தில் பதின்மூன்று அடிக்கு மேலும் தேவை. உங்கள் மண்டபத்தில் கதிரை எட்டு, ஒன்பது அடியில் இருக்குமானால், இந்தப் பெட்டிக்கு என்ன குறை என்று அம்மா கேட்பதில் முழு நியாயம் உண்டு. அவருடைய சனல்கள் 55 அங்குலத்தில் இப்போதையதைவிட மோசமாகவே தெரியும்.

மகனின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஒன்பது அடியிலிருந்து 32 அங்குலத் திரை மிகச் சிறியது. எல்லைக்கோட்டருகே பந்து போவதைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் அவனுக்கு வேண்டியது பெரிய திரை, 4கே அல்ல. 55 அங்குலத்திலேகூட ஏழு அடிக்கு அப்பால் முழு எச்டிக்கும் (1080 வரிப் படம்) 4கேக்கும் இடையிலான நுணுக்க வேறுபாட்டைக் கண் பிரித்தறிவது கடினம். இப்போது பெரிய பெட்டிகள் பெரும்பாலும் 4கேயாகவே விற்கப்படுவதால் அது தானாக வந்து சேரும். அதற்கென்று மேலதிகமாகக் காசு கொடுக்க வேண்டாம் என்பதே நான் சொல்வது. நெட்பிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு வினாடிக்கு 15 மெகாபிற் வேகத்தைக் கேட்கிறது, மணிக்கு 7 கிகாபைற் வரை இழுக்கிறது. 4ஜி றவுட்டரில் மாதாந்தப் பொதி வைத்திருப்பவர்களுக்கு அது இரண்டு வாரம் தாங்காது.

டிஜிற்றல் ஒளிபரப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கை 2014 இல் ஜப்பானிய ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிவு செய்தது. அது வரும்போது பழைய பெட்டிக்கும் வெளியே அந்த அலையை மாற்றித் தரும் ஒரு சிறு பெட்டியைப் பொருத்திப் பார்க்க முடியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் பெரும்பாலும் டிவிபி-ரி2 என்ற வேறு முறைக்கான அலைவாங்கியே இருக்கும். அது டிஜிற்றல் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் இங்கே பயன்படாது. சற்றலைட்டில் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

கிண்ணியா_கரை எழுதியது:

சகோதரர்களே, மின்கட்டணத்தை ஒருவரும் சொல்லவில்லை. 32 அங்குல எல்ஈடி சுமார் 40 வாற் எடுக்கும். 55 அங்குல 4கே 100 வாற்றைத் தாண்டும். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஏழு அலகாக இருந்தது இருபது அலகாகும். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் நம் கட்டணப் பட்டியல் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. ஏற்கனவே 85 அலகில் நிற்கும் வீடு இந்தப் பதின்மூன்று அலகால் அடுத்த படிக்குப் போய்விடும். அங்கே அலகின் விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்து உயரும். கடையில் மின்னும் கண்ணைப் பறிக்கும் படமுறையை வீட்டில் மாற்றி, பின்னொளியைக் குறைத்து வைத்தால் இதில் நல்ல பங்கு மிச்சமாகும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்செருகியோடு டிஸ் வயரையும் கழற்றி வைப்பதை மறக்க வேண்டாம். மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும்.

உப்புவெளிவாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு படம் மறைந்தபோது கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஆட்கள் நடமாடுவது தெளிவாகத் தெரிந்தது. கதிரையிலிருந்து திரைவரை அளந்ததில் ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. மின்பட்டியலில் போன மாதம் 88 அலகு. பெட்டியும் சரியாக வடக்குப் பார்த்த சன்னலுக்கு எதிரேதான் இருக்கிறது. எஞ்சியிருப்பது யூடியூப் விடயம் மட்டுமே. பெட்டியைத் திருத்தினாலும் அது திரும்பி வருமா?

நெட்வலை எழுதியது:

வராது, ஆனால் அதற்காகப் பெட்டியை மாற்றவும் வேண்டியதில்லை. பனல் பத்தாண்டுக்கு மேல் உழைக்கும். அதனுள் இருக்கும் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 2012 இலும் அதற்கு முன்னரும் வந்த பல கருவிகளில் யூடியூப் செயலி 2015 ஏப்ரலோடு நின்றது. 2010, 2011 ஆம் ஆண்டுகளின் சில சாம்சுங் பெட்டிகளில் நெட்பிளிக்ஸ் 2019 டிசெம்பரோடு நின்றது. இன்று நீங்கள் வாங்கும் ஸ்மார்ட் பெட்டிக்கும் ஒருநாள் இதே கதிதான். ஆகவே ஸ்மார்ட் வசதிக்காகவென்று பெட்டியின் விலையில் அதிகம் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. உங்கள் பழைய பெட்டியில் எச்டிஎம்ஐ துளை ஒன்று இருந்தாலே, கூகிள் ரிவி மென்பொருளில் இயங்கும் சிறு பெட்டியையோ குச்சியையோ செருகி எல்லாவற்றையும் பார்க்கலாம். பின்னாளில் புதிய பெட்டி வாங்கினால் அதுவும் கூடவே போகும்.

வாங்கும்போது நெட்பிளிக்ஸின் அங்கீகாரம் பெற்ற கருவியா என்று பாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இத்தகைய சிறு பெட்டிகள் சில கைத்தொலைபேசிக்கான வெறும் அண்ட்ரொயிட்டைத் திரையில் காட்டுபவை. அவற்றில் கட்டணப் படங்கள் சாதாரணத் தரத்துக்கு மேல் வருவதில்லை. மலிவுவிலை 4கே தொலைக்காட்சிகள் சிலவற்றிலும் இதே குறை இருக்கிறது என்பதை மகனிடம் சொல்லி வையுங்கள். குச்சிக்கான மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல், அதனோடு வரும் சார்ஜரிலேயே கொடுங்கள். பழைய பெட்டிகளின் யூஎஸ்பி அவ்வளவு சக்தி தராது, இடையிடையே அது தானாக அணைந்து எழும்.

உவர்மலை எழுதியது:

அளவுகளைப் பார்த்தபின் என் கருத்து இன்னும் உறுதியாகிறது: இப்போது திருத்துங்கள், குச்சி ஒன்றைப் போடுங்கள். பின்னர் வாங்கும்போது 43 அங்குலத்தைப் பாருங்கள். உங்கள் ஒன்பது அடியில் அம்மாவின் சனல்கள் சிறிதளவே கலங்கும், மகனுக்கும் திரை பெரிதாகும், 90 அலகை அதிகம் தாண்டவும் மாட்டீர்கள். கடையில் ஓட்டிக் காட்டும் விளம்பரப் படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வசந்தத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத் திருத்தம் இங்கேயே நடக்குமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கட்டுக்காசுக்கு எடுப்பதானால் முழுத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்து வையுங்கள்.

பின்மூடி எழுதியது:

43 பற்றி எனக்கு மறுப்பில்லை, ஆனால் எந்தப் பெட்டியானாலும் அந்தச் சன்னலுக்கு எதிரே மட்டும் வைக்காதீர்கள். உள்சுவர் ஒன்றுக்கு மாற்றி, சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் காற்றோட்டத்துக்குக் கையளவு இடம் விடுங்கள். திருத்திய பின்னர் பின்னொளியை அறுபது, எழுபது வீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். திருத்தும் கடைக்குக் கொண்டுவரும்போது பின்னால் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தை முதலில் படம் எடுத்து அனுப்புங்கள், பட்டிகள் கையிருப்பில் உள்ளனவா என்று பார்த்துவிட்டே வரச் சொல்வார்கள். முச்சக்கர வண்டியில் பெட்டியைப் படுக்க வைக்க வேண்டாம். நிமிர்த்தி, திரைப்பக்கம் இருக்கையின் மெத்தையைப் பார்த்திருக்கும்படி வைத்து, இரண்டு ஓரங்களிலும் பிடித்துக்கொண்டு வாருங்கள்.