விசில் ஊதும் முன்பே சந்தா கேட்பது சரியா?

புதுவிசில்:
வணக்கம். விளையாடுவதை நிறுத்திய பிறகும் குளத்தை விட்டுப் போக மனமில்லை. நீந்தியபடி பந்தைக் கோலுக்குள் எறியும் வாட்டர் போலோவுக்கு நடுவராகலாம் என்று விண்ணப்பித்தேன். சங்கம் அனுப்பிய பட்டியலில் பயிற்சி வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, பின்னணிச் சரிபார்ப்புச் செலவு எல்லாம் இருக்கின்றன. வெள்ளை உடையும் விசிலும் என் பொறுப்பு. நடுவருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் உண்டு. ஆனால் முதலில் குறிப்பேடும் கடிகாரமும் பார்க்கும் கரை மேசையில் உட்கார்ந்து பழக வேண்டும், அதற்குப் பணம் கிடையாது. கைக்கு எதுவும் வருவதற்கு முன்பே இத்தனையும் கட்டச் சொல்வது நியாயமா?

கரைநடை:
நியாயம்தான். சந்தா எங்கே போகிறது என்று பாருங்கள். ஈரக் கரையில் வழுக்கி விழுந்தால் கைகொடுக்கும் காப்பீடு அதில் வருகிறது. உங்களை மதிப்பிட வரும் மூத்த நடுவரின் பயணச் செலவும் அதில்தான். விதி மாறினால் மறுபயிற்சி வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். 2025இல் சர்வதேச ஆட்டங்களில் ஆண்களின் களம் 30 மீட்டரிலிருந்து 25 மீட்டராகச் சுருங்கியது. ஒரு தாக்குதலுக்கான நேரம் 30 நொடியிலிருந்து 25 நொடியானது. இப்படி மாறும்போது நடுவர் எங்கே நிற்பது, எதை முதலில் பார்ப்பது என்பதும் மாறுகிறது. அதை யாராவது சொல்லித்தர வேண்டாமா? தவிர, கையிலிருந்து எதையும் போடாதவர் பாதியில் கிளம்பிவிடுகிறார்.

இரண்டுமீட்டர்:
அண்ணா, சந்தா கட்டியவர்களும்தான் கிளம்புகிறார்கள். அவர்களை விரட்டுவது கரையில் கேட்கும் வசவு.

நான் எதிரணிக் கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவன். என் முதுகில் ஒட்டியிருக்கும் தடுப்பாளர் தண்ணீருக்கடியில் என்ன செய்கிறார் என்பதை எந்த விதிப்புத்தகமும் காட்டாது. பந்தைக் கையில் பிடித்திருப்பவரை இழுக்கலாம், அமுக்கலாம். அவர் பந்தை விட்ட அந்தக் கணத்தில் அதே பிடி குற்றமாகிவிடும், பிடித்தவர் கொஞ்ச நேரம் வெளியேற வேண்டும். கத்துகிறவர்களில் பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. புதிய நடுவருக்கு அந்தக் கணம் கண்ணில் படப் பல ஆட்டங்கள் தேவை, பக்கத்தில் ஒரு மூத்தவரும் தேவை.

ஆனால் நடப்பது என்ன? இரண்டு கரையிலும் ஒவ்வொரு நடுவர் நடக்க வேண்டும். தாக்குதல் தன் வலப்பக்கக் கோலை நோக்கிப் போனால் அவர் தாக்குதல் நடுவர், எதிர்க்கரையில் இருப்பவர் பின்னால் நடப்பதைக் கவனிப்பார். ஆள் இல்லை என்று சொல்லிப் புதியவரைத் தனியாக நிறுத்துகிறார்கள். ஒற்றை நடுவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் மறுபக்கத்துக் கை என்ன செய்தது என்று அவருக்குத் தெரிந்துவிடுமா? அப்புறம் பயிற்சியாளர் கத்துவார், பெற்றோர் கத்துவார்கள். மஞ்சள் அட்டை காட்டும் துணிச்சல் முதல் பருவத்திலேயே எத்தனை பேருக்கு வரும்? ஆட்பஞ்சத்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே பணம் கேட்பது எனக்குப் புரியவில்லை.

கணக்குமேசை:
ஒரு சிறிய சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். வகுப்புக்கு ஐந்து பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் பயிற்றுநர் செலவு ஒன்றுதான். சந்தாவைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகையை ஏற்கெனவே இருக்கும் நடுவர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்களும் வாரக் கடைசியை விட்டுக்கொடுத்து வருபவர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. நீங்கள் பெரும்பாலும் நடத்தப்போவது சிறுவர் சிறுமியர் ஆட்டங்களைத்தான்.

தொப்பி13:
என் மகள் நடுவர் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டாள். பட்டியலைப் பார்த்துவிட்டு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டாள். கல்லூரிப் பெண்ணிடம் ஏது பணம்? நடுவர் இல்லாமல் எந்த அணியும் ஆட முடியாது. அப்படியிருக்க, ஒவ்வொரு கிளப்பும் இரண்டு பேரைத் தன் செலவில் அனுப்பினால் என்ன?

கரைநடை:
அம்மா, உங்கள் மகளின் நிலை புரிகிறது. ஆனால் கிளப் பணத்தில் படித்தவர் நாளைக்கு அந்தக் கிளப் ஆட்டத்திலேயே பெனால்டி கொடுத்தால் எதிரணி சும்மா இருக்குமா? இது சீக்கிரம் சூடேறும் ஆட்டம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்த ஆட்டத்தை எல்லாரும் அறிவோம். ஹங்கேரி 4–0 என்று முன்னிலையில் இருந்தபோது அந்த அணியின் எர்வின் சாடோர் முகத்தில் அடிபட்டு ரத்தம் வழிய வெளியே வந்தார், கூட்டம் பொங்கியதால் ஆட்டத்தை முடிக்காமலேயே நிறுத்தினார்கள். அங்கே இரு நாட்டுக்கும் இடையே அரசியல் பகை இருந்தது, சரி. ஆனாலும் நடுவர் யாருடைய ஆள் என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் சிறு ஆட்டத்தையும் கட்டுப்படுத்த முடியாது.

இரண்டுமீட்டர்:
அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கிளப் நேராக ஆளுக்குக் கட்ட வேண்டாம். போட்டியில் சேரும்போது அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டுகின்றன அல்லவா? அதில் ஒரு சிறு பங்கை நடுவர் பயிற்சிக்கென்று பொது நிதியில் ஒதுக்கலாம். எந்த அணியின் பணம் யாருக்குப் போனது என்ற பேச்சே வராது. முதல் ஆண்டுச் சந்தாவை ஆட்டப் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம்.

கணக்குமேசை:
பொது நிதி நடக்கக்கூடியதுதான், குழுவில் பேசுகிறேன். கழித்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. காப்பீட்டுத் தவணையை நாங்கள் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அதையும் சரிபார்ப்புச் செலவையும் முதலில் வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பிறகு கழிக்கலாம்.

கரைநடை:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. சந்தா பாக்கி தலைமேல் இருந்தால் புதியவர் அதை அடைக்கவே கிடைத்த ஆட்டத்தையெல்லாம் ஏற்பார். சிறுவர் ஆட்டத்திலேயே கை நடுங்குகிறவர் பெரியவர்கள் ஆட்டத்துக்குப் போய் நிற்பார். பாதியை முன்னால் கட்டட்டும், பாதியைக் கழியுங்கள்.

இரண்டுமீட்டர்:
யாருக்கு எந்த ஆட்டம் என்று ஒதுக்குவது சங்கம்தானே அண்ணா? தகுதி இல்லாதவரை அனுப்பினால் அது ஒதுக்கியவரின் பொறுப்பு, பாக்கி மேல் பழி போடக் கூடாது. அப்புறம், ஆட்டப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பருவம் முடியும்வரை இழுத்தடித்தால் பேருந்துச் செலவுகூட நடுவர் தலையில்தான்.

தொப்பி13:
இது எழுத்தில் வந்தால் என் மகளை இந்த முறையே அனுப்புகிறேன்.

புதுவிசில்:
காப்பீட்டையும் சரிபார்ப்பையும் இப்போதே கட்டுகிறேன், மிச்சத்தைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று சங்கத்துக்கு எழுதிக் கேட்கிறேன். இல்லை என்றால் கரைநடை அண்ணா சொன்ன பாதிக்குப் பாதி. மேசையில் எனக்கு எந்த இடம் நல்லது?

கரைநடை:
குறிப்பேடு எழுதும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கடிகாரத்தைப் பிறகு பழகலாம். ஒவ்வொரு வெளியேற்றத்தையும் தொப்பி எண்ணோடு நீங்கள் எழுத வேண்டும், ஒருவருக்கு மூன்றாவது தனிநபர் குற்றம் (வெளியேற்றமோ பெனால்டியோ) விழுந்ததும் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும். அதனால் நடுவரின் கைச்சைகை ஒன்றைக்கூட விட முடியாது. என்றைக்கு நீங்கள் மேசைக்கு வருகிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள்; பக்கத்தில் இருக்க முடிந்தால் வருகிறேன்.