ஆலிம் காசிமோவ் கையில இருக்குற மேளம்: வாசிக்கிறாரா, சும்மா பிடிச்சிருக்காரா?

ராத்திரிரேடியோ:
நேத்து யூடியூப்ல அஜர்பைஜான் பாடகர் ஆலிம் காசிமோவ் கச்சேரி ஒண்ணு மாட்டுச்சு, சம்மணம் போட்டு உக்காந்து மகள் ஃபர்கானாவோட பாடுறார், ரெண்டு பேர் கையிலயும் பெரிய சைஸ் கஞ்சிரா மாதிரி ஒண்ணு. ஆனா பாதி நேரம் தட்டவே இல்ல, முகத்துக்கிட்ட தூக்கி வெச்சுக்கிட்டு பாடுறார். எதுக்கு அது? அவர் பாடகரா மேளக்காரரா?

தனிஆவர்த்தனம்:
ரெண்டும்தான் ப்ரோ. அதுக்கு பேரு கவல், தாஃப்னும் சொல்வாங்க. அவங்க முகாம் சங்கீதத்துல (கேம்ப் இல்லைங்க, இசைக்கு பேரே அதுதான்) வழக்கமான செட் மூணே பேர்: தார் (மீட்டுற தந்தி வாத்தியம்), கெமாஞ்சா (வில்லு போட்டு வாசிக்கிற தந்தி வாத்தியம்), பாடகர். தாளத்துக்குன்னு தனி ஆள் கிடையாது, பாடுறவரே தட்டிக்கணும். நம்ம ஆலாபனை மாதிரி போற இடத்துல கவலுக்கு வேலை இல்ல, தஸ்னிஃப்னு தாளக்கட்டோட வர்ற பாட்டுல பாருங்க விரல் எப்படி ஓடுதுன்னு. முகத்துக்கிட்ட தூக்குறது குரல் அதுல பட்டு தன் காதுக்கே திரும்பி வர.

உடும்புத்தோல்:
கஞ்சிரான்னு சொன்னா எனக்கு கொஞ்சம் வலிக்குது 😄 நம்மளது ஒரு சாண் அகலம், உடும்புத் தோல், ஒத்தக் கையில அடிக்கிறது. கவல் 34லேருந்து 45 செ.மீ. வரைக்கும் போகும், பழைய முறைப்படி மீன் தோல், ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே ரெண்டு கை விரலும் வாசிக்கும். சட்டத்துக்கு உள்பக்கம் குட்டி குட்டியா 60, 70 பித்தளை வளையம் தொங்கும், லேசா அசைச்சாலே சலசலன்னு வரும்.

தனிஆவர்த்தனம்:
ஆமா அதை விட்டுட்டேன். இன்னொண்ணு, ஸர்பி முகாம்னு ஒரு வகை இருக்கு, வாத்தியம் எல்லாம் கறாரா தாளத்துல போகும், குரல் மட்டும் தாளத்துக்கு கட்டுப்படாம மேல மிதக்கும். விரல் ஒரு கணக்குல, தொண்டை இன்னொரு கணக்குல. ஷமாகி பக்கம் நபூர்ங்கிற கிராமத்துல 1957ல பொறந்த மனுஷன், 1999ல யுனெஸ்கோ இசைப் பரிசு, 2010ல க்ரோனோஸ் குவார்டெட்ங்கிற அமெரிக்க வயலின் குழுவோட ஆல்பம், எல்லாம் சரி, ஆனா எனக்கு அவர் பெரிய ஆளா தெரியறது இந்த இடத்துலதான்.

உடும்புத்தோல்:
அஜர்பைஜான்காரங்க அவங்க பணமான மனாத்துல, ஒரு மனாத் நோட்டுல தார், கெமாஞ்சா, கவல் மூணும் அச்சடிச்சிருக்காங்க, பொறாமையா இருக்கு.

ராத்திரிரேடியோ:
ஹெட்ஃபோன் போட்டு மறுபடி கேட்டேன். அந்த வளையச் சத்தத்தைத்தான் இவ்ளோ நேரம் மைக் இரைச்சல்னு நெனச்சு திட்டிட்டு இருந்திருக்கேன்.