பெரியவர்களுக்கான கூடைப்பந்து லீக்கில் புதிதாகச் சேரலாமா?

கேள்வி:
35 வயதைக் கடந்த நான், பொழுதுபோக்குக் கூடைப்பந்து லீக் ஒன்றில் சேர விரும்புகிறேன். பந்தை ஓரளவு தட்டிச் செல்ல வரும். முழு ஆட்டம் ஆடிப் பழக்கமில்லை. அணிக்குப் பாரமாகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
தாராளமாகச் சேருங்கள், பதிவு செய்யும்போதே தொடக்க நிலைப் பிரிவு உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கூடையில் பந்து போடுவதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். தான் தடுக்க வேண்டிய எதிரணி ஆட்டக்காரருக்கும் கூடைக்கும் நடுவில், முழங்காலைச் சற்று மடக்கி, கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பவரை எந்த அணியும் பாரமாக நினைக்காது.

மறுமொழி 2:
விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். புதியவர்கள் பல வேளை பந்தை இழப்பது 'டிராவலிங்' (பந்தோடு முறையின்றிக் கால் நகர்த்துதல்) தவறால்: நின்ற இடத்திலிருந்து தட்டத் தொடங்கும்போது, பந்து கையை விட்டு நீங்குவதற்கு முன்பே தரையில் ஊன்றி நிற்க வேண்டிய காலைத் தூக்கிவிடுவார்கள். தம் அணியிடம் பந்து இருக்கையில் எதிரணிக் கூடையின் கீழுள்ள கட்டத்தில் 3 விநாடிகளுக்கு மேல் நிற்பதும் தவறு. சர்வதேச விதிப்படி 5 ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். பொழுதுபோக்கு லீக்குகள் இதைச் சில வேளை மாற்றிக்கொள்வதுண்டு.

மறுமொழி 3:
ஓட்டப் பயிற்சிக் காலணியோடு இறங்காதீர்கள். அது முன்னோக்கி ஓடுவதற்கானது. சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகக்கூடும். மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் மாற்று ஆட்டக்காரரைக் கேளுங்கள், அதற்காகத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.