காயலான் கடையில் எது போகும், எது திரும்பி வரும்

நங்கநல்லூரில் வீடு காலி செய்தபோது சேர்ந்த சாமான்களை ஆட்டோவில் போட்டுப் பக்கத்துக் காயலான் கடைக்கு நானே எடுத்துப் போனேன். தெருவில் வரும் தள்ளுவண்டியிலேயே போட்டிருக்கலாம்தான், ஆனால் கடையில் தராசு கண்ணெதிரே இருக்கும், அப்புறம் எதை எடுப்பார்கள் எதை எடுக்க மாட்டார்கள் என்று கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

அண்ணாச்சி முதலில் பேப்பரைப் பிரித்தார். கசங்காத நாளிதழுக்குத்தான் நல்ல விலை, ஏனென்றால் அதில் பாதி ஆலைக்குப் போய்க் கூழாவதற்கு முன்னால் பொட்டலம் மடிக்க மளிகைக் கடைக்கும் பூக்கடைக்கும் போய்விடுகிறது. பிள்ளைகளின் நோட்டுக்கு விலை வேறு. அட்டைப்பெட்டி நனைந்திருந்தால் எடை கூடிவிடும் என்று உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகே தராசில் வைத்தார், மழைக்காலத்தில் இதில் தினமும் சண்டையாம்.

பிளாஸ்டிக்கில் மனிதர் கில்லாடி. ஷாம்பு டப்பாவை ஒரு அமுக்கு, வாளியை ஒரு தட்டு, சத்தத்தை வைத்தே ரகம் பிரித்து வெவ்வேறு சாக்கில் வீசினார். பால் கவரையும் எடுத்துக்கொண்டார், கழுவிக் காயவைத்திருந்ததால். கழுவாத கவர் நாறிப்போய்ப் பக்கத்துச் சாக்கையும் கெடுக்கும் என்றார், நியாயம்தானே. சிப்ஸ் பாக்கெட்டும் மாத்திரை அட்டையும் திரும்ப என் கைக்கே வந்தன.

"பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கெடக்கு தம்பி. பிரிக்க ஆளு இல்ல, நான் யாருக்கு விக்க?"

தெர்மோகோலுக்கும் அதே பதில். கடையை அடைக்கும், எடையோ ஒன்றும் தேறாது. உடைந்த கண்ணாடியையும் ஓரமாக வைத்துவிட்டார்.

வாங்க ஆள் இருந்தால் மறுசுழற்சி, இல்லாவிட்டால் குப்பை, அவ்வளவுதான் கணக்கு. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் கிடக்கும் உடைந்த பாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது அது. குடிக்கிறவர்களிடமே வாங்கித் திருப்பித் தர முடிகிறதென்றால் சிப்ஸ் கம்பெனிக்காரர்களிடம் ஏன் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எரிந்துபோன சிஎஃப்எல் பல்புகளை அண்ணாச்சி தொடவே இல்லை, உள்ளே பாதரசம். அவற்றைத் தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்தேன். அங்கிருந்தும் தனியாகத்தான் போகிறதா என்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.